பிரிக்கும் முன் ஓட வையுங்கள்: அப்பாவுடன் ஒரு பழைய புல்லட்

பழைய வண்டியைச் சீர்செய்ய இரண்டு வழிகள் உண்டு. கடைசி நட்டு வரை பிரித்து, சட்டத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு பாகமாகத் திரும்பப் பூட்டுவது ஒன்று. முதலில் ஓட வைத்துவிட்டு, ஓடுகிற வண்டியிலேயே குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு போவது இன்னொன்று. தனியாக வேலை செய்பவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். எழுபது வயதைக் கடந்த அப்பாவுடன் சேர்ந்து செய்கிறீர்கள் என்றால் இரண்டாவது வழிதான் சரி. இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

முழுதாகப் பிரித்த வண்டி நின்றுபோவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. லேத் பட்டறையில் வேலை குவிந்திருக்கும். குரோம் போடப் போன சைலன்சர் திரும்பி வராது. ஒரே ஒரு புஷ்ஷுக்காக எல்லாம் காத்துக் கிடக்கும். சாக்குப்பைகளில் அடைபட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் வண்டிகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். அதற்குள் அப்பாவுக்குக் கண் புரை முற்றும், முழங்கால் மடங்க மறுக்கும், பட்டறைப் பக்கம் வருவதே குறையும். இன்ஜின் சத்தத்தை அவர் சீக்கிரம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அடுத்த வேலைக்கு அவரே உங்களை எழுப்புவார்.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்காட்டாக புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ரெடிட்ச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பாகங்களை வரவழைத்துப் பூட்டுவதில் ஆரம்பித்துப் பின் திருவொற்றியூர் தொழிற்சாலையிலேயே முழுவண்டியையும் செய்தார்கள். ரெடிட்ச்சில் நின்றுபோன பிறகும் அதே இன்ஜின் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்தது: 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., ஒற்றை சிலிண்டர், புஷ்ராடு. இதனால் உங்களுக்கு இரட்டை லாபம். உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. உங்கள் அப்பா இளவயதில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அப்படியே செல்லும். ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் ஒழுங்கு பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஸ்பேனரைத் தொடும் முன் அப்பாவை உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டி ஏன் நின்றது?

"ஏன்ப்பா ஓட்டுறத நிறுத்துனீங்க?"

"கிளட்ச் பிளேட் போச்சுடா. மாத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க அக்கா கல்யாணம் வந்துருச்சு."

இந்த ஒரு பதில் உங்களுக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். இன்ஜின் நல்ல நிலையில்தான் நின்றது, குறை கிளட்சில் என்று தெரிந்துவிட்டது. இதற்கு மாறாக, "ஒருநாள் ஹைவேல சூடாகி அப்படியே பிடிச்சிடுச்சு" என்றால் பிஸ்டனைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. கடைசியாகப் போர் செய்தது எப்போது, எத்தனையாவது ஓவர்சைஸ் பிஸ்டன், கார்புரேட்டர் எப்போதாவது மாறியதா, எந்த மெக்கானிக் பார்த்தார் என்பதையெல்லாம் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனவர் அவர். எந்த ஊரில் செயின் அறுந்தது, எந்த மழைக்காலத்தில் வண்டி கிளம்ப அடம்பிடித்தது என்பது பல வீடுகளில் அம்மாவுக்குத்தான் தெளிவாக நினைவிருக்கும். வண்டியின் காகிதங்களும் பெரும்பாலும் அவர் பீரோவில்தான் இருக்கும்.

அந்தக் காகிதங்களை அன்றே எடுத்துப் பாருங்கள். தனிப்பயன் வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் பாகம் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். 50 ஆண்டைத் தாண்டி, பழைய வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு 'விண்டேஜ்' பதிவு என்று தனி விதி கொண்டுவந்தது. அந்தப் பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வண்டியைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. தினமும் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று அப்பா நினைத்தால் வழக்கமான புதுப்பித்தல்தான் பொருந்தும். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். துருவைத் தேய்க்கிறேன் என்று அந்த எண்கள் மேல் எமரி போடாதீர்கள், பெயின்டாலும் மூடாதீர்கள். ஆய்வின்போது பென்சிலால் அச்செடுத்துப் பார்ப்பார்கள்.

இடமும் உடம்பும்

நம் ஊரில் மெக்கானிக் வேலை என்றாலே தரையில் குந்துவதுதான். வயதானவருக்கு அது ஆகாது. குந்தியவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பக்கத்தில் 160 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. ஆகவே வண்டியை மேலே கொண்டுவாருங்கள். உறுதியான மரப்பலகையோ சிமென்ட் மேடையோ ஒரு முழ உயரம் இருந்தால் போதும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை நீட்டலாம். முக்காலி வேண்டாம், முதுகு சாய நாற்காலி வேண்டும். வண்டியை மேடையேற்றும்போதும் ஸ்டாண்ட் போடும்போதும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். "நான் புடிக்கிறேன்" என்று அவர் வருவார். அந்த ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளிச்சம் எத்தனை இருந்தாலும் போதாது. முதிர்ந்த கண்ணுக்கு இளைஞரைவிடப் பல மடங்கு ஒளி தேவை. மேலே ஒரு டியூப்லைட்டும், நகர்த்திக்கொள்ள ஒரு எல்.இ.டி. விளக்கும் வையுங்கள். கண் புரை அறுவை செய்திருந்தால் தூசி பறக்கும் வேலையையும் குனிந்து பாரம் தூக்குவதையும் டாக்டர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சின்னக் கீறலும் நெடுநேரம் கசியும், கையுறை கட்டாயம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடான சைலன்சர் பட்டதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். முன்பக்கம் மூடிய செருப்போ ஷூவோ இல்லாமல் பட்டறையில் நிற்க வேண்டாம்.

காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை, வெயில் ஏறும் முன், இரண்டு மணி நேரம் போதும். அவர் இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று சொல்லும்போதே நிறுத்துங்கள். மறுநாள் வருவார்.

எந்த வேலை யாருக்கு

பலர் செய்வது இதுதான்: கஷ்டமான வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, துடைக்கிற வேலையை அப்பாவிடம் கொடுப்பார்கள். பாசத்தால் செய்வதுதான், ஆனாலும் அது அவரைச் சின்னப்படுத்தும். முப்பது வருடம் ஒரு வண்டியை ஓட்டியவருக்கு அதன் நோய் தெரியும். நோயைக் கண்டுபிடிக்கும் வேலை அவருடையது, பலம் கேட்கும் வேலை உங்களுடையது. எதை முதலில் பார்ப்பது, பாகத்தை மாற்றுவதா சரிசெய்வதா என்பதை அவர் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் காரணத்தோடு பேசுங்கள், தர்க்கத்தில் வென்றாலும் தோற்றாலும் முடிவை அவர் வாயால் வரவிடுங்கள்.

உட்கார்ந்தே செய்யக்கூடிய நுணுக்கமான வேலைகள் புல்லட்டில் ஏராளம். இவற்றை நான் மடிவேலைகள் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அவர் முன் வைத்துவிட்டால் போதும். உருண்டோடும் திருகு தட்டைத் தாண்டாது, வெள்ளையில் கண்ணுக்கும் படும். பட்டறைக்கு வர முடியாத நாளில் இதே தட்டு கட்டிலுக்குப் போகும்.

கார்புரேட்டர் முதல் மடிவேலை. மிக்கார்ப் கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுங்கள். ஜெட் துளைகளை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். மின்வயரில் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்று போதும். அடுத்தது கான்டாக்ட் பாயின்ட். எரிந்த முகத்தை நைஸ் எமரியில் சமன்செய்து, பூட்டியபின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைக்க வேண்டும். எண் தெரியும் ஃபீலர் கேஜை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். தகடு உரசுகிற இறுக்கத்தை அவர் விரல் சொல்லட்டும். ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் வால்வு கிரைண்டிங்கும் அவருக்கே. பேஸ்ட் தடவி, உள்ளங்கைகளுக்கிடையே குச்சியை உருட்டி, சாம்பல் நிற வளையம் முழுதாகத் தெரியும்வரை செய்யும் வேலை அது. போர்ட்டில் டீசல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதும் நாற்காலி வேலைதான். ஸ்போக்கைச் சாவியால் தட்டிக் கேட்டு எது தளர்ந்தது என்று சொல்லும் காது பழகிய ஆட்களுக்கு உண்டு. கை நடுக்கம் இருப்பவருக்கு இது கார்புரேட்டரைவிட எளிது.

அவருடைய பழைய டூல் பையைத் தேடி எடுங்கள். பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவு. நம்மிடம் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் பொருந்துவதுபோல் இருக்கும், அழுத்தியதும் வழுக்கி மூலை மழுங்கிவிடும். சரியான ஸ்பேனர் அந்தப் பையில் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் தேடுங்கள். அப்பாவால் நடக்க முடிந்தால் கூட்டிப் போங்கள். கையில் எடுத்துப் பார்த்ததுமே எது அசல், எது நேற்றுச் செய்தது என்று சொல்லிவிடுவார்.

உயிர் வரவழைத்தல்

நெடுநாள் நின்ற வண்டியை உடனே மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் துளைக்குள் ஊற்றி, ஓரிரு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். இறுகிய பிஸ்டன் பல நேரம் இதிலேயே இளகும். கிக்கரில் ஏறி நின்றால் உள்ளே பல்சக்கரம் உடையும்.

அடுத்தது எண்ணெய். புல்லட்டின் எண்ணெய் அறை கிராங்க்கேஸ் வார்ப்புக்குள்ளேயே ஒரு தனிப் பகுதி. வண்டி நின்றே கிடந்தால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் பகுதியில் தேங்கிவிடும். இரண்டு இடத்திலும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் சுமார் 2 லிட்டர் ஊற்றுங்கள். பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு அடியில் இருப்பது மிதக்கும் புஷ். எண்ணெய் வராமல் ஒரு நிமிடம் ஓடினாலும் அது தாங்காது. எனவே பிளக் இல்லாமலே கிக்கரை மிதித்துக்கொண்டு, ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். நீங்கள் மிதியுங்கள், அப்பா அந்தப் போல்ட்டைப் பார்க்கட்டும். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று அவர் சொல்லும் வரை ஸ்டார்ட் செய்யும் பேச்சே வேண்டாம்.

டேங்க்கில் துரு இருந்தால் வெள்ளை வினிகர் நிரப்பி ஒரு நாள் வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். வெளிப் பெயின்டில் சிந்தாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரையும் கார்க்கையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் குழாயைப் புதிதாகப் போடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்யுங்கள்.

டேப்பெட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் முனையில் நிற்கையில் பாருங்கள். புஷ்ராடு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கேஜ் இல்லாமல் விரலாலேயே முடிக்கும் இந்த வேலையை அப்பாவிடம் விட்டால் எப்படி என்று கேட்கவே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். சாவியைப் போட்டு, நியூட்ரலில், கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்ப்மீட்டர் முள் ஒருபக்கம் சாயும். பாயின்ட் திறக்கும்போது நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சற்றே நகர்த்தி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. இந்த வரிசையை அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். மிதிப்பது மட்டும் அவராக இருக்கக் கூடாது. புல்லட் திருப்பி அடித்தால் இளைஞனின் கணுக்காலே பிசகும். தேய்ந்த எலும்பு முறிந்துவிடும்.

பழைய பழக்கங்கள்

அந்தக் காலத்துக் கைவைத்தியத்தில் பல பொன்னானவை. பாயின்ட் எப்போது திறக்கிறது என்று அறிய சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளை இடையில் வைத்து, அது நழுவும் கணத்தைப் பார்ப்பது அப்படி ஒன்று, தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டை மட்டும் நிறுத்த வேண்டும். வெறுங்கையைப் பெட்ரோலில் முக்கிப் பாகம் கழுவுவது முதலாவது. முதிர்ந்த தோல் மெலிந்தது, தீ அபாயம் வேறு. டீசலும் நைட்ரைல் கையுறையும் போதும். பிரேக் டிரம்மைத் திறந்து வாயால் ஊதுவது இரண்டாவது. பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியை ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போட்டுவிடுங்கள். "நாங்க அம்பது வருஷமா ஊதுறோம்" என்பார். விவாதிக்காமல், அவர் டிரம்மைத் திறக்கும் முன் ஈரத்துணியை அவர் கையில் வைத்துவிடுங்கள்.

மறதி தொடங்கியிருக்கும் பெற்றோர் என்றால் சில ஏற்பாடுகள் வேண்டும். பெயரும் தேதியும் நழுவிய பின்னும் கைப்பழக்கம் நெடுநாள் தங்குவது உண்டு. ஆகவே "இது என்ன பாகம் சொல்லுங்க" என்று பரீட்சை வைக்காதீர்கள். பாகத்தைக் கையில் கொடுங்கள், கை தன் வேலையைச் செய்யும். ஒவ்வொரு ஸ்பேனரும் எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும். ஒரு நாளில் ஒரே வேலை. கழற்றியதை உடனே படம் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெயரெழுதுங்கள். அவர் இடம் மாற்றி வைத்தாலும் யாரும் குரலை உயர்த்த வேண்டியிருக்காது.

பெயின்டைப் பற்றி ஒரு சொல். அசல் பெயின்ட் பாதியாவது மிஞ்சியிருந்தால் சுரண்டாதீர்கள். டேங்க்கில் ஓடும் பொன்கோடுகளைத் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் போட்டார்கள். சுரண்டினால் அது போனதுதான். அப்பாவின் முழங்கால் உரசி மங்கிய இடம் அப்படியே இருப்பதுதான் எனக்கு அழகு. அவர் புதுப் பெயின்ட்தான் வேண்டும் என்றால் அவர் விருப்பம்.

சாலைக்கு வரும்போது

முதல் ஓட்டத்துக்கு முன் டயரைப் பாருங்கள். 3.25-19 அளவு இன்றும் கிடைக்கிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயர் பழைய டயர்தான். பின்சக்கரத்துச் சேலை கார்டையும் பின்சீட்டுக் கால்மிதியையும் தளர்வில்லாமல் பூட்டுங்கள். அம்மா ஏறுவார்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது வண்டி ஓட்டிப் பழகிய நீங்கள் அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதிப்பீர்கள். அதனால் காலியான மைதானத்தில் அப்பா உங்களுக்குக் கற்றுத்தர வேண்டும். அவர் ஓட்டலாமா என்பதைக் குடும்பம் கூடி முடிவுசெய்யக் கூடாது. அவருடைய டாக்டரும் அவரும் பேசி முடிவெடுக்கட்டும். லைசென்ஸ் காலாவதியாகவில்லையா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். 55 வயதுக்குமேல் புதுப்பித்த லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும், மருத்துவச் சான்றும் வேண்டும். ஓட்ட முடியாதவர் பின்சீட்டில் உட்காரலாம். பின்சீட்டில் இருந்தபடியே கியர் தவறியதையும் டேப்பெட் சத்தத்தையும் அவர் சொல்லிக்கொண்டு வருவார். இறங்கியதும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் அடுத்த வார வேலைப் பட்டியல்.

கடைசியாக, பலரும் பேசத் தயங்கும் பெயர் மாற்றம். வண்டி அப்பா பெயரில் இருக்கும்போது அவர் கையெழுத்தோடு படிவம் 29, 30 கொடுத்து மாற்றுவது எளிது. அவர் காலத்துக்குப் பின் என்றால் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உடன்பிறந்தார் சம்மதம் என்று நீளும். ஆனால் இந்தப் பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். தன் பெயர் ஆர்.சி.யில் இருக்க வேண்டும் என்பது சிலருக்குப் பெரிய விஷயம், இருக்கட்டும். எல்லா விதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஆர்.சி.யோடு சேர்த்து அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.